கர்னலா, செஃபிரா, கர்லா: மலையகத்திலிருந்து எதில் கைவைப்பது?

சி மொழியில் பொயின்டர் வரைக்கும் வந்துவிட்டீர்கள். மெலொக் போடவும் ஃப்ரீ பண்ணவும் தெரியும். லிங்க்ட் லிஸ்ட் ஒன்றைப் பார்க்காமல் எழுதிவிடுவீர்கள். இனி நினைவகம், இன்டரப்ட் (செயலியின் வேலையை இடைமறிக்கும் சமிக்ஞை), சிஸ்டம் கோல் (நிரல் இயங்குதளத்திடம் வேலை கேட்பது) என்று கணினியின் அடித்தளத்துக்கு இறங்க வேண்டுமென்றால், ஒரு திறந்த மூலத் திட்டத்துக்குள் போய், அங்கே உள்ளவர்கள் எழுதிய நிரலை வாசித்து, அதில் ஒரு வரியையாவது திருத்திக் கொடுப்பதுதான் நல்ல வழி. எந்தத் திட்டம் என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். யாரைக் கேட்டாலும் "லினக்ஸ் கர்னலுக்குப் போ" என்பார்கள், அதாவது அந்த இயங்குதளத்தின் மையப் பகுதிக்கே. அப்படிச் சொல்பவரிடம் பெரும்பாலும் ஃபைபர் இணைப்பும் 32 ஜிபி ரேமும் இருக்கும்.

நான் எழுதுவது ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பண்டாரவளைப் பக்கம் இருந்துகொண்டு இதைச் செய்யப் போகிறவர்களுக்கு. கண்டியில் வாங்கிய பழைய லேப்டாப், அதில் 8 ஜிபி ரேம், சிலருக்கு 4 தான். இணையம் என்றால் போனிலிருந்து ஹொட்ஸ்பொட். லயத்துக்குள் ஒரு ஜன்னலோரத்தில் மட்டும் டவர் பிடிக்கும். காற்றும் மழையும் பலத்தால் கரண்ட் போகும். இதெல்லாம் இல்லாததுபோல ஒப்பிட்டால் அந்த ஒப்பீடு நமக்கு உதவாது.

ஒரு திட்டத்தைப் பார்த்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: ஒரு வரியை மாற்றி, கம்பைல் பண்ணி, ஓட்டி, விளைவைக் கண்ணால் காண எவ்வளவு நேரம் பிடிக்கும்? பத்து விநாடி என்றால் ஒரு மாலைப்பொழுதில் எத்தனையோ தடவை பிழைவிட்டுப் பார்க்கலாம். ஒரு மணித்தியாலம் என்றால் இரண்டு தடவை, அதற்குள் தூக்கம் வந்துவிடும். அடித்தள நிரலாக்கம் பிழைவிட்டுத்தான் கைக்கு வரும். பொயின்டர் எங்கே போய் முட்டியது, ஸ்டாக் எந்த இடத்தில் நிரம்பியது என்பதைப் பத்துத் தடவை பார்த்தவனுக்குத்தான் பதினோராவது தடவை வாசிக்கும்போதே கண்ணில் படும். அதனால் திட்டத்தின் புகழ், சுயவிவரத்தில் போட்டால் வரும் மதிப்பு எல்லாவற்றையும் இந்தக் கேள்விக்குப் பின்னால் வைக்கிறேன்.

இரண்டாவது கேள்வி டேட்டா. திட்டத்தின் நிரலை நம் கணினிக்குப் பிரதி எடுக்கும் கிட் க்ளோனை நடுவில் விட்டால் விட்ட இடத்திலிருந்து அது தொடராது, முதலிலிருந்துதான். 90 சதவீதத்தில் சிக்னல் போனால் ரீலோட் போட்ட காசும் போச்சு. மூன்றாவது கேள்வி, நீங்கள் அனுப்புவதை யார் வாசிப்பார்கள், என்ன பதில் வரும் என்பது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடுவோம்

எக்ஸ்வி6 என்றொரு சின்ன இயங்குதளம் உண்டு. 2006 இல் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவதற்காக, 1975 இன் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பைப் பார்த்துப் புதிதாக எழுதியது. 2019 இலிருந்து ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கு மாற்றிவிட்டார்கள். முழு நிரலும் சில ஆயிரம் வரிகள்தான். கியூஎமு என்ற போலிக் கணினிக்குள் சில விநாடிகளில் எழும்பிவிடும். 4 ஜிபி லேப்டாப்புக்கும் பாரமில்லை.

ஆனால் இதில் பங்களிக்க இடம் குறைவு. இது பாடத்துக்கான நிரல், புது வசதிகளைவிட எளிமைப்படுத்துவதையும் தெளிவாக்குவதையும்தான் விரும்புகிறோம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே இதை ஒரு தெரிவாக எடுக்க வேண்டாம், வாசித்துவிட்டுப் போகலாம். பேஜ் டேபிள் (நினைவக முகவரிகளின் அட்டவணை) எப்படிக் கட்டப்படுகிறது, ஒரு ப்ரோசஸிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி மாறுகிறது என்ற இரண்டை மட்டும் இங்கே பிடித்துக்கொண்டால் போதும். பிறகு எந்தத் திட்டத்துக்குப் போனாலும் காடு மாதிரித் தெரியாது.

லினக்ஸ் கர்னல்

1991 இல் தொடங்கியது, இன்று 4 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. இந்த எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அதில் பெரும்பகுதி டிரைவர்கள், அவற்றையெல்லாம் யாரும் முழுவதும் வாசிப்பதில்லை. பயப்பட வேண்டியது அதைக் கொண்டுவந்து கட்டும் (கம்பைல் பண்ணும்) செலவுக்குத்தான்.

வரலாறு முழுவதோடும் எடுத்தால் பல ஜிபி. கடைசி நிலையை மட்டும் எடுக்கும் மேலோட்டமான க்ளோன் இருநூறு முந்நூறு எம்பி அளவில் முடிந்துவிடும், தொடங்குவதற்கு அதுவே போதும். ஆனால் கர்னலில் ஒரு வரி ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் அந்த வரியை மாற்றியபோது எழுதிய பழைய கமிட் செய்தியைத்தான் வாசிக்க வேண்டும். அதனால் என்றைக்காவது வரலாறும் தேவைப்படும். அதற்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கர்னல் தளத்திலேயே முழுக் களஞ்சியத்தையும் 'பண்டில்' என்ற ஒரே கோப்பாக வைத்திருக்கிறார்கள். சாதாரணக் கோப்பு என்பதால் டபிள்யூகெட் மாதிரிக் கருவியால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நள்ளிரவுக்குப் பிந்திய டேட்டாவில் இரண்டு மூன்று இரவுகளாக இறக்கிவிட்டு, அந்தக் கோப்பிலிருந்தே லேப்டாப்புக்குள் க்ளோன் பண்ணிக்கொள்ளலாம். அதன்பிறகு அன்றாடம் வரும் மாற்றங்களை எடுப்பதற்குக் கொஞ்ச டேட்டாதான் போகும்.

கட்டும் நேரம் அடுத்தது. உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பு தரும் கொன்ஃபிக்கை அப்படியே வைத்துக் கட்டினால் பழைய லேப்டாப்பில் பல மணித்தியாலம் ஓடும், நடுவில் கரண்ட் போனால் பேட்டரியும் தாங்காது. உங்கள் கணினியில் இப்போது ஓடும் மொட்யூல்களை மட்டும் தெரிந்தெடுக்கும் 'லோக்கல்மொட்கொன்ஃபிக்' அதை வெகுவாகக் குறைக்கும். அதையும்விடச் சுருக்கமான வழி கேயூனிட். இது கர்னலின் உள்ளேயே உள்ள சோதனைச் சட்டகம், 2020 இன் தொடக்கத்தில் வந்த 5.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதன் பைதன் கருவியை ஓட்டினால், கர்னலைச் சாதாரண லினக்ஸ் ப்ரோக்ராமாகவே கட்டி, சோதனைகளை ஓட்டி, முடிவைத் திரையில் தந்துவிடும். முதல் தடவை சில நிமிடம், பிறகு மாற்றிய பகுதி மட்டும். கர்னலுக்குப் போய்த்தான் தீருவேன் என்கிறவர்கள் இந்த வாசலால் போவது நல்லது. கர்னலின் பொது உதவி ஃபங்ஷன்களில் ஒன்றை எடுத்து, அதற்கு இல்லாத ஒரு சோதனையை எழுதிப் பாருங்கள். எழுதும்போதே அந்த ஃபங்ஷன் எதைக் கையாள மறந்திருக்கிறது என்று சில நேரம் தெரியவரும்.

வழக்கமாகச் சொல்லும் வாசல் வேறு. 2008 இலிருந்து இருக்கும் 'ஸ்டேஜிங்' என்ற டிரைவர் அடைவு அது. இன்னும் தரம் சேராத டிரைவர்களை அங்கே வைத்திருக்கிறார்கள், என்ன வேலை பாக்கி என்று பலவற்றில் ஒரு குறிப்புக் கோப்பும் இருக்கும். செக்பேட்ச் என்ற ஸ்கிரிப்டை ஓட்டி, அது பிடிக்கும் இடைவெளிப் பிழையைத் திருத்தி அனுப்பினால் உங்கள் பெயர் கர்னலில் ஏறும். பெயர் ஏறுவது சந்தோஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் டேப்பையும் ஸ்பேஸையும் மாற்றி அடித்தளம் படிக்க முடியாது. ஒரு பேட்ச் (மாற்றிய வரிகளைக் காட்டும் கோப்பு) அப்படி அனுப்பலாம், அனுப்பும் முறையைப் பழகுவதற்காக. இரண்டாவதும் அப்படியே என்றால் நேரம் வீண். ஸ்டேஜிங்குக்கு வெளியே வெறும் இடைவெளித் திருத்தங்களைப் பெரும்பாலான பராமரிப்பாளர்கள் (வரும் திருத்தங்களை வாசித்து ஏற்பவர்கள்) விரும்புவதும் இல்லை.

அனுப்பும் முறை என்றேன். கர்னலில் பேட்ச் போவது மின்னஞ்சலில், வெறும் எழுத்தாக. ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் ஒட்டி அனுப்பினால் டேப்பெல்லாம் ஸ்பேஸாகி, வரிகள் மடிந்து, பேட்ச் பொருந்தாமல் போகும். கிட் தரும் 'சென்ட்-ஈமெயில்' வழியாகவோ, பி4 என்ற கருவி வழியாகவோ அனுப்ப வேண்டும். ஜிமெயிலில் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, செயலிக்கான தனிக் கடவுச்சொல் எடுத்தால்தான் சென்ட்-ஈமெயில் வேலை செய்யும். முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்ததைச் சேமித்து, களஞ்சியத்தில் பொருந்துகிறதா என்று பாருங்கள். மேலும் ஒன்று: ஒவ்வொரு பேட்சிலும் உங்கள் பெயரோடு ஒப்புதல் வரி வேண்டும், அநாமதேயம் செல்லாது. நம் ஆட்கள் ஓரிடத்தில் அப்பாவின் பெயர் முன்னால், ஓரிடத்தில் முதலெழுத்து மட்டும், ஓரிடத்தில் பின்னால் என்று எழுதுவோம். ஒரே மாதிரி ஒன்றைத் தெரிந்தெடுத்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள்.

செஃபிர்

நான் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான், காரணத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

செஃபிர் என்பது சின்னச் சின்ன மைக்ரோகன்ட்ரோலர்களில் (ஒரே சிப்பில் அடங்கிய கணினிகளில்) ஓடும் நிகழ்நேர இயங்குதளம். 2016 இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வந்தது, அப்பாச்சி 2.0 உரிமம். பெரும்பகுதி சி. சில கிலோபைட் நினைவகத்தில் ஓட வேண்டிய நிரல் என்பதால் ஒவ்வொரு பைட்டுக்கும் கணக்கு இருக்கும். லினக்ஸில் நான்கைந்து அடுக்குகளுக்குக் கீழே ஒளிந்திருப்பது இங்கே கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கும்.

மாற்றி, கட்டி, ஓட்டிப் பார்க்கும் வட்டம் எப்படி? 'நேட்டிவ் சிம்' என்ற போலிப் பலகையைத் தெரிந்தெடுத்தால் செஃபிர் உங்கள் லேப்டாப்பிலேயே ஒரு சாதாரண லினக்ஸ் ப்ரோக்ராமாக ஓடும். கணினியில் ஏற்கெனவே உள்ள ஜிசிசி கம்பைலர் போதும், தனி டூல்செயின் இறக்கத் தேவையில்லை. சின்ன மாதிரி நிரல் ஒன்றை மாற்றிக் கட்ட விநாடிகள்தான். டேட்டா விஷயத்தில் மட்டும் கவனம். வழிகாட்டியில் உள்ளபடி 'வெஸ்ட் அப்டேட்' என்று அடித்தால் எல்லாக் கம்பனிகளின் சிப்புகளுக்குமான மொட்யூல்களையும் ஜிபி கணக்கில் இழுக்கும். நேட்டிவ் சிம்முக்கு அவற்றில் பெரும்பாலானவை வேண்டாம். அப்புறம் உண்மையான பலகை ஒன்றை வாங்கும்போது அந்தச் சிப்புக்கான மொட்யூலை மட்டும் பெயர் சொல்லி எடுக்கலாம், பழைய வரலாறு இல்லாமல்.

இனி ஒரு உதாரணம். மழைமானி. கவிழும் கிண்ண வகை மழைமானியில் தராசுத்தட்டு மாதிரி இரண்டு சின்னக் கிண்ணங்கள் இருக்கும். ஒன்று நிரம்பினால் கவிழும், மற்றது மேலே வரும். கவிழும் ஒவ்வொரு தடவையும் ஒரு காந்தம் ரீட் சுவிட்சை (காந்தம் கிட்ட வந்தால் ஒட்டும் சுவிட்ச்) கடந்து போகும். ஒரு கவிழ்ப்பு 0.2 மில்லிமீற்றர் மழை என்று வைத்துக்கொள்வோம். சுவிட்சை ஒரு ஜிபிஐஓ காலில் (சிப்பின் பொது உள்ளீடு, வெளியீட்டுக் கால்) இணைத்து, அந்தக் காலில் இன்டரப்ட் வந்தால் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டினால் மழைமானி ரெடி. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு இது போதும்.

ஓட்டிப் பார்த்தால் கணக்குப் பிசகும். ரீட் சுவிட்சின் தகடுகள் ஒட்டும்போது ஒரே தடவையில் ஒட்டாது, சில மில்லிவிநாடிக்குள் அதிர்ந்து ஒட்டிப் பிரியும். செயலிக்கு அது இரண்டு மூன்று இன்டரப்ட். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்பது மண்சரிவு எச்சரிக்கையில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லும் அளவு. நம் மானியில் அது 375 கவிழ்ப்பு. ஒவ்வொன்றும் இரண்டாகப் பதிந்தால் 38 மில்லிமீற்றருக்கும் குறைந்த மழையிலேயே அந்த எல்லையைக் காட்டிவிடும். 2025 நவம்பரில் டித்வா புயலைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் பயிற்சிக் கணக்காகத் தெரியாது.

சரி, அதிர்வை எப்படி வடிகட்டுவது? இன்டரப்ட் ஃபங்ஷனுக்குள்ளேயே 30 மில்லிவிநாடி தூங்கிவிட்டுப் பார்க்கலாமே என்று முதலில் தோன்றும். முடியாது, இன்டரப்டுக்குள் தூங்கக்கூடாது. ஏன் கூடாது என்று தேடப் போனால் ஷெட்யூலர் என்றால் என்ன, இன்டரப்டுக்கு ஏன் சொந்தமாக ஒரு த்ரெட் இல்லை என்பதெல்லாம் தானாகப் புரியும். வேலையைத் தள்ளிப்போட்டு வேறொரு த்ரெட்டில் செய்ய வைக்க வேண்டும், மறுபடி இன்டரப்ட் வந்தால் அந்தத் தவணையை இன்னும் தள்ள வேண்டும். இன்டரப்ட் கூட்டும் எண்ணை இன்னொரு த்ரெட் வாசிக்கும்போது பாதி பழசு பாதி புதுசாகக் கிடைக்க இடமுண்டா? 32 பிட் செயலியில் 64 பிட் எண் என்றால் உண்டு. அங்கே அட்டொமிக், அதாவது நடுவில் யாரும் குறுக்கிட முடியாத செயல், வருகிறது. ஒரு சுவிட்சிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். செஃபிரில் பொத்தான்களுக்கான 'ஜிபிஐஓ கீஸ்' என்ற டிரைவர் இதே வேலையைச் செய்கிறது. உங்களுடையதை எழுதிவிட்டு அதைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வாரப் பாடம் அதில் இருக்கிறது. சுவிட்சோ பலகையோ கையில் இல்லாவிட்டாலும் நேட்டிவ் சிம்மில் போலி ஜிபிஐஓ உண்டு, இதையெல்லாம் அதிலேயே செய்யலாம்.

இதற்கும் கர்னலுக்கும் என்ன தொடர்பு என்றால், எந்த வசதிகளைச் சேர்த்துக் கட்டுவது என்று குறிக்கும் கேகொன்ஃபிக்கையும் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ்ட்ரீயையும் செஃபிர் லினக்ஸ் உலகத்திலிருந்துதான் எடுத்திருக்கிறது. விவரங்கள் கொஞ்சம் மாறும், பாஷை ஒன்று. ஒப்புதல் வரியும் அதே மாதிரி வேண்டும். ஆனால் அனுப்புவது கிட்ஹப்பில், மின்னஞ்சல் தலைவலி இல்லை. அனுப்பியதும் தானியங்கிச் சோதனைகள் ஓடும், எங்கே உடைந்தது என்று ஆள் பார்ப்பதற்கு முன்பே தெரியும். முதல் பங்களிப்புக்கு ஏற்றவை என்று குறித்த வேலைகளும் இருக்கும். அவற்றில் போட்டி அதிகம் என்பதால் நான் சொல்வது, உங்களிடம் இருக்கும் சென்சருக்கோ பலகைக்கோ உள்ள குறையைத் தேடுங்கள். ஒரு மாதிரி நிரலை அந்தப் பலகைக்குக் கட்ட முடியவில்லை என்பதைச் சரிசெய்வதுகூட நல்ல பங்களிப்புதான்.

குறை ஒன்று. விர்ச்சுவல் மெமரி, ஃபைல் சிஸ்டம், ப்ரோசஸ் மாற்றம் இவையெல்லாம் பெரிய கணினியில் நடக்கும் விதத்தில் இங்கே பார்க்கக் கிடைக்காது. அதற்கு எக்ஸ்வி6 வாசித்தது கொஞ்சம் ஈடுகொடுக்கும், முழுதாக அல்ல.

கர்லும் யூயூட்டில்ஸும்

வன்பொருளில் ஆர்வமில்லை, சோல்டரிங் பிடிக்கவும் மனமில்லை என்பவர்களுக்கு இந்த இரண்டும்.

இணையத்தில் தரவை எடுக்கவும் அனுப்பவும் உதவும் கர்லை எல்லோரும் தெரியாமலே பாவிக்கிறோம், போனிலும் காரிலும் டிவியிலும் அது இருக்கிறது. சுவீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க் 1998 இல் வெளியிட்டது, முழுக்க சி. பழைய லேப்டாப்பிலும் சில நிமிடங்களில் கட்டிவிடலாம். டெர்மக்ஸ் என்ற லினக்ஸ் முனையச் செயலி போட்ட அன்ட்ரொய்ட் போனிலேயே கட்டலாம், லேப்டாப் இன்னும் கிடைக்காதவர்கள் கவனிக்க. இது ஓடுவது இயங்குதளத்துக்கு மேலே என்றாலும், சொக்கெட், நேர எல்லை, நினைவக ஒழுக்கு என்று படிக்க நிறைய உண்டு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய 'சித்திரவதை' சோதனை. பெயரே அதுதான். ஒரு சோதனையை எடுத்து, அதில் நடக்கும் முதல் மெலொக்கை வேண்டுமென்றே தோற்கடிப்பார்கள். அடுத்த ஓட்டத்தில் இரண்டாவதை, பிறகு மூன்றாவதை. ஒவ்வொரு தடவையும் நிரல் விழாமல், அதுவரை வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறதா என்று பார்க்கும். மெலொக் இடம் தராமல் 'நல்' தந்தால் என்ன செய்வது என்பதை வகுப்பில் ஒரு வரியில் கடந்திருப்போம். நீங்கள் எழுதிய பத்து வரியை இந்தச் சோதனையில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், அதன்பிறகு அந்த வரியைக் கடக்க மாட்டீர்கள்.

கர்லின் பிரச்சினை, அது நன்றாக மெழுகப்பட்ட வீடு. புதிதாக வருபவருக்குக் கண்ணில் படும் இடத்தில் குப்பை இருக்காது. சோதனை இல்லாத தெரிவுகள், ஆவணத்தில் சொன்னதற்கும் நடப்பதற்கும் உள்ள வித்தியாசம், இப்படித் தேடித்தான் வேலை பிடிக்க வேண்டும்.

யூயூட்டில்ஸ் எதிர்ப்பக்கம், வேலை கொட்டிக்கிடக்கிறது. எல்எஸ், கேட், சோர்ட் முதலிய அன்றாடக் கட்டளைகளை ரஸ்ட் மொழியில் மறுபடி எழுதுகிறார்கள். 2025 ஒக்டோபரில் வந்த உபுண்டு 25.10 இவற்றையே இயல்பாக எடுத்துக்கொண்டது. உடனே ஒரு சிக்கலும் வந்தது. ஒரு கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்று 'டேட்' கட்டளையைக் கேட்டால், அது இப்போதைய நேரத்தைச் சொன்னது. அதை நம்பியிருந்த தானியங்கி அப்டேட் சரிபார்ப்பு நின்றுபோனது. திருத்தம் சின்னதுதான், விளைவுதான் பெரிது. இப்படிப்பட்ட இடைவெளிகளைத் தேடுவது இங்கே ஒரு முறையான வேலை: இந்தக் கட்டளைகளின் பழைய வடிவத்தை எழுதிய குனூ திட்டத்தின் சோதனைத் தொகுப்பை ஓட்டி, எது தோற்கிறது என்று பார்த்து, ஒன்றை எடுப்பது. ஒரு கட்டளையை மட்டும் தனியாகக் கட்டலாம், முழுத் தொகுப்பையும் கட்டத் தேவையில்லை. ஆனால் ரஸ்ட் கட்டும்போது வட்டு நிரம்பும், 128 ஜிபி எஸ்எஸ்டிக்காரர்கள் அடிக்கடி துடைக்க வேண்டிவரும்.

இங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. குனூவின் மூல நிரலைப் பார்த்து எழுதக்கூடாது. அது ஜிபிஎல் உரிமம், அதிலிருந்து எடுத்து எழுதினால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்; இது தளர்வான எம்ஐடி உரிமம். கையேட்டை வாசிக்கலாம், கட்டளையை ஓட்டிப் பார்க்கலாம், எஸ்ட்ரேஸ் போட்டு எந்த சிஸ்டம் கோல் போகிறது என்று பார்க்கலாம். நிரலைத் திறக்கக்கூடாது. படிக்கிறவருக்கு இது வசதியாகவே அமைகிறது. விடைத்தாள் இல்லாமல் வெளியிலிருந்து நடத்தையைப் பார்த்து உள்ளே என்ன நடக்கும் என்று யோசிக்க வைக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பைலர் திட்டமான எல்எல்விஎம் அருமையானது, ஆனால் டிபக் வசதியோடு கட்டினால் இணைக்கும் கட்டத்தில் 8 ஜிபி ரேம் மூச்சுத்திணறும், வட்டில் பல பத்து ஜிபி போகும். கம்பஸ் லேப் கையில் இருந்தாலன்றி வேண்டாம். கியூஎமு பாவிக்கப் பழகுங்கள், பங்களிக்க இரண்டாம் ஆண்டில் யோசிக்கலாம். எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத் திட்டம் வெளியாரின் நிரலைப் பொதுவாக ஏற்பதில்லை, வாசிப்பதற்கு மட்டும்.

யார் வாசிப்பார்கள்

தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைகளுக்கு நிரலைவிட ஆங்கிலம்தான் பெரிய பயம். இந்த உலகத்தில் தேவைப்படும் ஆங்கிலம் மிகச் சிறியது, அதிலும் திரும்பத் திரும்ப வருவது. கமிட் செய்தியில் முதல் வரி எந்தப் பகுதி, என்ன மாற்றம். அடுத்த பந்தியில் என்ன பிழை நடந்தது, ஏன் நடந்தது, இது எப்படித் தீர்க்கிறது. கர்னலின் வரலாற்றில் ஐம்பது செய்திகளை வாசித்தால் அச்சு மனதில் பதிந்துவிடும்.

பதில் சுருக்கமாக, சில நேரம் முகத்திலடித்த மாதிரி வரும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கழிவு பிடிப்பது போலத் தோன்றும். வித்தியாசம், இங்கே ஏன் பிடித்தார்கள் என்று வரிக்கு வரி எழுதித் தருகிறார்கள், திருத்திக்கொண்டு மறுபடி போகலாம். கர்னலில் பேட்ச் மூன்றாம் நான்காம் பதிப்பு வரை போவது சாதாரணம். பதிலே வராமலும் இருக்கலாம். கர்னலின் ஒரு பதிப்புச் சுற்று ஒன்பது பத்து வாரம், அதில் முதல் இரண்டு வாரம் பராமரிப்பாளர்களுக்குத் தலைபோகிற வேலை. அந்த நேரத்தில் அனுப்பிவிட்டு மூன்றாம் நாள் நினைவூட்டக்கூடாது. செஃபிரிலும் கர்லிலும் பொதுவாகப் பதில் விரைவு. ஐரோப்பாவில் காலை விடியும்போது நமக்கு மத்தியானம், ஆகவே பின்னேரம் சிக்னல் கிடைக்கும் இடத்தில் இருந்தால் கதை நடக்கும். கிட்டில் கமிட் போட இணையமே தேவையில்லை என்பதும் நமக்கு வசதி. டவர் விழுந்த நாளிலும் வேலை ஓடும், வந்ததும் தள்ளிவிடலாம்.

ஏஐயை வைத்து எழுதி அனுப்பலாமா என்று கேட்பார்கள். கியூஎமு அப்படி உருவாக்கிய நிரலை ஏற்பதில்லை என்று 2025 இல் விதி போட்டுவிட்டது. ஏஐ எழுதிய வெற்று அறிக்கைகள் குவிந்ததால், பாதுகாப்புப் பிழை கண்டுபிடிப்பவர்களுக்குப் பணம் தரும் திட்டத்தையே கர்ல் 2026 ஜனவரியோடு நிறுத்தியது. ஒரு பந்தி புரியாவிட்டால் விளக்கம் கேளுங்கள், தப்பில்லை. பேட்சை நீங்கள் எழுதுங்கள். பராமரிப்பாளர் "இந்த லொக் எதற்கு?" என்று கேட்டால் பதில் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

அப்போ, யாருக்கு எது

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருப்பவர்: எக்ஸ்வி6 ஒரு மாதம், பிறகு நேட்டிவ் சிம்மில் செஃபிர். கொஞ்சம் காசு சேர்ந்தால் ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகை ஒன்று. பௌதிகவியல் படித்தவருக்கு இது இன்னும் ருசிக்கும். லேப்டாப் இல்லை, போன் மட்டும் என்றால் டெர்மக்ஸில் கர்ல்.

பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் இரண்டு மணித்தியாலம் கிடைப்பவர், அதிலும் ரஸ்ட் பிடிக்கும் என்பவர்: யூயூட்டில்ஸ். ஒரு கட்டளை, ஒரு தோற்ற சோதனை, ஒரு வாரம் என்று அளவாக எடுக்கலாம். எங்கள் நாட்டு வேலை விளம்பரங்களில் பெரும்பாலானவை வலையும் மொபைலும்தான் என்பதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள். அடித்தள வேலை தேடுபவர் வெளிநாட்டுக் கம்பனிக்குத் தூரத்திலிருந்து வேலை செய்வதையும் யோசிக்க வேண்டியிருக்கும். அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட பேட்ச்கள் சான்றிதழைவிடப் பேசும்.

பேராதனையிலோ ஊவா வெல்லஸ்ஸவிலோ படிப்பவர், நல்ல இணைப்பும் லேப்பும் உள்ளவர்: நேராகக் கர்னல், கேயூனிட் வழியாக. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் வழிகாட்டித் திட்டத்தில் கர்னல் பிழைதிருத்தத்துக்கென்றே பிரிவு உண்டு. திறந்த மூலத் திட்டங்களில் வேலை செய்ய உதவித்தொகை தரும் கூகுளின் சம்மர் ஒஃப் கோட் 2005 இல் தொடங்கியது. அதன் முதல் பத்தாண்டில் உலகத்திலேயே அதிக மாணவர்கள் போனது நம் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலிருந்து. 2022 இலிருந்து அதற்கு மாணவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை, 18 வயது நிரம்பினால் விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை நாட்டுக்கு நாடு மாறும். விண்ணப்பம் திறப்பதற்குச் சில மாதம் முன்பே அந்தத் திட்டத்தில் இரண்டு மூன்று பேட்ச் போயிருந்தால்தான் பெயர் தெரிந்திருக்கும். அந்தக் கணக்கை வைத்து எப்போது தொடங்குவது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.